மூலம் எங்கே? இராஜகிருகத்து வெந்நீர் ஊற்றுகளும் ஒரு பழங்கேள்வியும்

(சற்றே நீண்ட பதிவு. பௌத்த, சமண மூலங்களைப் பயிலும் மாணவர்களும் சுற்றுச்சூழல் வரலாற்றில் ஆர்வமுள்ளோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

சென்ற தை மாதம் ஆய்வுப் பணியின் பொருட்டுப் பீகார் சென்றிருந்தபோது இரண்டு நாட்கள் இராஜகிருகத்தில், அதாவது இன்றைய ராஜ்கிரில், தங்கினேன். முதல் நாள் விடியுமுன்பே வைபாரகிரியின் அடிவாரத்திலுள்ள சப்ததாரைக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளூரார் அதைச் சத்தாரா என்பர். மூடுபனியில் எதிரே இருந்த மலை தெரியவில்லை. படிக்கற்களின் குளிர் பாதங்களில் ஏறிக்கொண்டிருக்க, சுவரில் பதித்த வாய்களிலிருந்து வெந்நீர் ஆவி பறக்க விழுந்துகொண்டிருந்தது. நீராடக் காத்திருந்தோர் வரிசை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர், தம் இளமைக் காலத்தில் தாரை இதைவிடத் தடிமனாக விழும் என்றார். நினைவு வேறு, சான்று வேறு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். எனவே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் ஊர் திரும்பி மூல நூல்களைப் புரட்டியபோது, அவர் சொன்னது அவ்விடத்தின் மிகப் பழைய கவலை என்பது புலப்பட்டது.

அக்கவலையின் வரலாற்றையே இங்கு எழுத முயல்கிறேன். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, ஏன் சுடுகிறது, யாருக்கு உரியது ஆகிய மூன்று கேள்விகளையும் இராஜகிருகம் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. முதற்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடை, மூன்றாம் கேள்விக்கான விடையையும் ஓரளவு தீர்மானித்துவிட்டது என்பதே என் கருத்து.

காடு சூழ்ந்த மலைக்கோட்டை

இடத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வோம். தென் பீகாரின் கங்கைச் சமவெளியில் திடீரென எழும் இரட்டை மலைத்தொடர் இராஜகிருகக் குன்றுகள். 400 மீட்டர் உயரத்தைத் தொடாதவை; எனினும் சுற்றிலும் சமவெளி ஆதலால் பெருமலைகளாகவே கண்ணுக்குத் தோன்றும். வைபாரம், விபுலம், இரத்னகிரி, உதயகிரி, சோனகிரி என்று இன்று ஐந்து மலைகளைச் சொல்வர். பாலி நூல்கள் தரும் ஐந்து பெயர்களில் சில இவற்றினின்று வேறுபடும். இம்மலைகளுக்கு நடுவே பழைய நகரம் இருந்தது. மலை முகடுகளின் மேல் செதுக்கப்படாத பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய மதிலின் எச்சங்களை இன்றும் காணலாம். அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்பர். நகருக்குள் நுழையும் வடக்கு வாயிலின் இருமருங்கிலும் வைபாரமும் விபுலமும் நிற்கின்றன. வெந்நீர் ஊற்றுகள் பிறப்பது அந்த வாயிலருகே, இவ்விரு மலைகளின் அடிவாரங்களில்.

தமிழ் மாணவர்க்கு இந்நகரம் புதிதன்று. கொங்குவேளிரின் பெருங்கதையில் மகத காண்டம் நிகழும் களம் இதுவே; உதயணன் பதுமாபதியைக் காண்பதும் மணப்பதும் இங்கேதான். குண்டலகேசிக் கதையின் வேரும் இந்நகரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் நாம் அதை அரண்மனைகளின் நகரமாகவே படித்திருக்கிறோம். காட்டின் நகரமாகவும் நீரின் நகரமாகவும் படித்ததில்லை.

அரசன் காத்திருந்த துறை

பாலி நூல்கள் இவ்வூற்றுநீர் ஓடையைத் தபோதா என்கின்றன. வெப்பமுடைய நீர் என்பது பெயரின் பொருள். அதன் அருகே தபோதாராமம் என்ற ஆராமமும் இருந்தது. சங்யுத்த நிகாயத்திலும் மச்சிம நிகாயத்திலும் சமித்தி என்ற இளந்துறவி விடியற்காலையில் தபோதாவில் நீராடி, கரையேறி, ஒற்றை ஆடையுடன் உடலை உலர்த்திக்கொண்டு நிற்கும் காட்சி வருகிறது. ஒரு தேவதை அவரை நெருங்கிப் பேச்சுக் கொடுக்கிறது. அதன் பின் வரும் தத்துவம் நமக்கு இங்கு வேண்டியதில்லை. விடியலில் வெந்நீரில் குளித்துவிட்டு ஈரம் உலரக் கரையில் நிற்பது அக்காலத்திலேயே அன்றாடக் காட்சியாக இருந்தது என்பதைக் கவனித்தால் போதும்.

அதைவிட முக்கியமானது வினய பிடகத்தில் வரும் நிகழ்ச்சி. மகத மன்னன் பிம்பிசாரன் தலைமுழுகத் தபோதாவுக்கு வருகிறான். அங்கே பிக்குகள் நீராடிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் முடிக்கட்டும் என்று மன்னன் ஒருபுறம் ஒதுங்கிக் காத்திருக்கிறான். பிக்குகளோ இருட்டும் வரை நீரைவிட்டு ஏறவில்லை. மன்னன் காலங்கடந்து நீராடி முடிப்பதற்குள் நகர வாயில் அடைக்கப்பட்டுவிடுகிறது. தன் தலைநகருக்குள் தானே நுழைய இயலாமல் அவன் இரவை மதிலுக்கு வெளியே கழிக்கிறான். மறுநாள் காலை, முதல் நாள் பூசிய சாந்து உடலில் அப்படியே இருக்க, புத்தரைக் காணச் செல்கிறான். அவர் காரணம் வினவ, நடந்ததைக் கூறுகிறான். பிக்குகள் அளவறியாமல் நீராடினர் என்று கண்டித்த புத்தர், அரைத் திங்களுக்கு ஒரு முறைக்கு மேல் நீராடலாகாது என்று விதி வகுக்கிறார்.

விதி வந்தவுடன் விலக்குகளும் வரிசையாக வருகின்றன. வெயிற்காலம், புழுக்கமான காலம், நோயுற்ற காலம், உடலுழைப்புச் செய்த காலம், வழிநடைக் காலம், காற்றும் மழையும் அடித்த காலம் என ஒவ்வொன்றாக விலக்களிக்கப்படுகிறது. பின்னர் மகாவக்கம் வேறொரு பெரிய விலக்கைத் தருகிறது. அவந்தி நாட்டிலிருந்து மகாகச்சானர் அனுப்பிய வேண்டுகோளில், தம் பகுதி மக்கள் நீராட்டத்தைப் பெரிதாக மதிப்பவர்கள் என்பதும் ஒன்று. அதை ஏற்று, மத்திய தேசத்துக்கு வெளியேயுள்ள எல்லைப்புற நாடுகள் அனைத்திலும் அடிக்கடி நீராட அனுமதி வழங்கப்படுகிறது. அந்த எல்லை வரையறையின்படி தென்னாடும் வெளிப்பகுதியே. ஆகவே தமிழகத்துப் பிக்குகள் நாள்தோறும் நீராடியிருந்தாலும் அது விதிமீறல் ஆகியிராது. மகதத்து வெந்நீர்த் துறை ஒன்றில் எழுந்த நெருக்கடியின் தடம், சட்டத்தின் வழியாக இவ்வளவு தொலைவு வந்திருக்கிறது.

இந்நிகழ்ச்சி அப்படியே நடந்ததா என்பதை நிறுவ வழியில்லை. வினயத்தின் தோற்றக் கதைகள் விதிகளுக்குப் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. ஆனால் கதையை அமைத்தவர், கேட்போர் நம்பக்கூடிய களமாக இதைத் தேர்ந்திருக்கிறார். துறையில் இடம் குறைவு. வருவோர் பலர். அரசனாயினும் முறை வரும் வரை நிற்க வேண்டும். வெந்நீர் பொதுச்சொத்து என்பதும், பொதுச்சொத்து வரம்பின்றிப் பயன்படுத்தப்பட்டால் பிறர் நுகர்வு தடைபடும் என்பதும் கதையின் அடிப்படை. இந்திய இலக்கியத்தில் நீர்ப் பங்கீடு பற்றிய பழைய விவாதங்களைத் தொகுப்போர் ஆறுகளையும் ஏரிகளையும் தேடுகிறார்கள். இந்தக் குளியல் துறையையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்று விடைகள்

நீர் ஏன் சுடுகிறது? இதற்கு ஒரே ஊற்றின் கரையில் இரு வேறு சமயங்கள் தந்த விடைகள் நமக்குக் கிடைத்திருப்பது அரிய பேறு.

முதலாவது வினய பிடகத்தின் பாராஜிகப் பகுதியில் உள்ளது. தபோதா ஒரு பெரும் மடுவிலிருந்து பாய்கிறது. அம்மடுவின் நீர் தெளிந்தது, குளிர்ந்தது, இனியது. மீன்களும் ஆமைகளும் நிறைந்தது. அதில் வண்டிச் சக்கர அளவில் தாமரைகள் பூக்கின்றன என்கிறார் மொக்கல்லானர். பிற பிக்குகள் சினம் கொள்கின்றனர். கொதித்தோடும் நீரைக் குளிர்ந்தது என்கிறாரே, இல்லாத ஞானத்தை இருப்பதாகக் காட்டிக்கொள்கிறாரே என்று புத்தரிடம் முறையிடுகின்றனர். புத்தர் மொக்கல்லானர் கூறியது மெய் என்கிறார். மூல மடு குளிர்ந்ததுதான். ஆனால் தபோதா இரு பெரும் நரகங்களுக்கு இடையே புகுந்து வருவதால் சூடேறுகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

இரண்டாவது சமணரின் பகவதி சூத்திரத்தில் வருகிறது. வைபார மலையின் கீழே பல யோசனை பரந்த ஒரு பெருமடு உள்ளது. அங்கு மேகங்கள் திரண்டு பொழிகின்றன. மடு நிரம்பி வழியும் நீரே வெந்நீராக ஓடுகிறது என்று பிற சமயத்தார் கூறுவதாகவும், அது சரியா என்றும் கௌதமர் மகாவீரரை வினவுகிறார். இக்கௌதமர் மகாவீரரின் முதன்மைச் சீடரான இந்திரபூதி, புத்தரோடு குழப்பிக்கொள்ளலாகாது. மகாவீரர் அக்கருத்தை மறுக்கிறார். வைபார மலைக்கு அருகிலேயே 500 தனுசு நீள அகலமுள்ள ஊற்று ஒன்று உள்ளது. அங்கு வெப்பத்தில் பிறக்கும் இயல்புடைய உயிர்களும் புத்கலங்களும் நீராகத் தோன்றியும் மறைந்தும் வருகின்றன. அதில் மிகுவதே வெந்நீராக வெளியேறுகிறது என்கிறார். புத்கலம் என்பது சமண மெய்யியலில் பருப்பொருளைக் குறிக்கும் கலைச்சொல்.

மூன்றாவது சீனப் பயணி யுவான் சுவாங் தருவது. ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் இங்கு வந்தபோது பழைய நகரம் கைவிடப்பட்டிருந்தது. வழியெங்கும் பொன்னிறப் பூக்கள் பூக்கும் மரங்கள் நின்றதையும் வேனிலில் காடே பொன்னாக ஒளிர்வதையும் அவர் எழுதுகிறார். விபுலமலைச் சரிவில் முன்பு 500 வெந்நீர் ஊற்றுகள் இருந்தனவென்றும், தாம் வந்த காலத்தில் சில பத்துகளே எஞ்சியிருந்தனவென்றும், அவற்றிலும் சில குளிர்ந்தும் சில வெதுவெதுப்பாகவும் இருந்தனவென்றும் குறிக்கிறார். ஊற்று வாய்கள் சிங்கத் தலை, யானைத் தலை வடிவங்களில் கல்லில் செதுக்கப்பட்டிருந்தன. கல் தொட்டிகளில் நீர் தேங்கியது. பல நாட்டாரும் வந்து நீராடினர். நாட்பட்ட நோயுடையோர் குணமடைந்தனர். நீரின் மூலம் இமயத்தின் தெற்கேயுள்ள அனவதப்த ஏரி. அங்கிருந்து நிலத்தடி வழியாக வரும் நீர், சிறு நரகங்களின் நெருப்பால் வழியில் சூடேறுகிறது என்பது அவர் பதிவுசெய்யும் மரபு. அனவதப்தம் என்ற சொல்லுக்குச் சூடேறாதது என்பது பொருள். பௌத்த உலகப் படத்தில் கங்கை உள்ளிட்ட பேராறுகள் பிறப்பதும் அந்த ஏரியிலிருந்துதான்.

இவ்விடைகளை அறிவியலுக்கு முந்தைய கற்பனைகள் என்று ஒதுக்குவது எளிது. அதனால் நமக்குப் பயன் விளையாது. பௌத்த விளக்கம் இரண்டு செய்திகளைப் பிரித்துக் காண்கிறது. நீரின் பிறப்பிடம் ஒன்று, அது வெப்பம் பெறும் இடம் மற்றொன்று. குளிர்ந்த நீரே நிலத்தின் ஆழத்தில் பயணித்துச் சூடாகி மேலே வருகிறது என்னும் அமைப்பு, நரகங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், இன்றைய நிலவியல் கூறுவதற்கு வெகு தொலைவில் இல்லை. சமண விளக்கம் வேறொரு திசையில் கூர்மையானது. தொலைவில் ஏதோ மாயமடுவைத் தேடாதே, ஊற்றின் காரணம் ஊற்று இருக்கும் இடத்திலேயே உள்ளது என்பது அதன் அடிநாதம். பிற சமயத்தாரின் கருத்தை எடுத்துரைத்து மறுக்கும் அதன் நடையிலிருந்து, இவ்வூற்றின் காரணம் அக்காலத்தில் சமயங்களிடையே வெளிப்படையான விவாதப் பொருளாக இருந்தது என்பதும் தெரிகிறது.

யுவான் சுவாங்கின் 500 என்ற எண்ணை அப்படியே கொள்ள முடியாது. அது பௌத்த நூல்களில் மிகுதியைக் குறிக்கும் மரபெண். அவருடைய சிறு நரகங்களும் 500தான். ஆயினும் முன்பு மிகுதி, இப்போது குறைவு என்ற ஒப்பீடு உள்ளூரில் வழங்கியது என்பதற்கு அது சான்று. எனக்கு முன்னால் நின்ற முதியவர் கூறியதை ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பயணியிடமும் யாரோ கூறியிருக்கின்றனர்.

துறவிகளும் யாத்திரிகரும்

பிற்காலத்தில் பௌத்தம் இங்கு மங்கியது. ஊற்றுகள் மங்கவில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஃபிர்தௌசி மரபைச் சேர்ந்த சூஃபி ஞானி ஷரஃபுத்தீன் யஹ்யா மனேரி இக்காடுகளில் தங்கித் தவமியற்றினார். அவர் 1381இல் பீகார் ஷரீஃபில் மறைந்தார். சீடருக்கு எழுதிய நூறு கடிதங்களின் தொகுப்பால் இந்தியப் பாரசீக இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றவர். விபுலமலையடியில் உள்ள வெந்நீர்க் குண்டம் அவர் நினைவாக மக்தூம் குண்டம் எனப்படுகிறது. அதற்கே சிருங்கி ரிஷி குண்டம் என்ற பெயரும் உண்டு. ஒரே நீருக்கு ஒரு முனிவரின் பெயரும் ஒரு சூஃபியின் பெயரும் வழங்குவதை ஒற்றுமையின் சின்னம் என்றோ ஆக்கிரமிப்பின் சின்னம் என்றோ அவசரப்பட்டுக் கூறிவிடக் கூடாது. புலனடக்கம் பயில்வோர் காட்டையும் வெந்நீரையும் நாடி வந்தனர் என்பதும், ஊர்மக்கள் அவர்களின் பெயரை நீருக்கு இட்டனர் என்பதும் மட்டுமே உறுதி.

இந்து மரபில் இவ்வூற்றுகளின் பெருவிழா மலமாத மேளா. சந்திர மாதங்களையும் சூரிய ஆண்டையும் ஒப்பவைக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை சேர்க்கப்படும் மிகைமாதத்தில், முப்பத்துமுக்கோடி தேவரும் இராஜகிருகத்தில் தங்குவதாக நம்பிக்கை. பிற இடங்களில் மங்கல நிகழ்ச்சிகளுக்கு ஆகாதென்று விலக்கப்படும் மாதம் இங்கே திருவிழாக் காலமாகிறது. மேளாவின்போது இலட்சக்கணக்கானோர் பிரம்ம குண்டத்திலும் சப்ததாரையிலும் நீராடுகின்றனர். மொத்தம் 22 குண்டங்கள், 52 தாரைகள் என்பது உள்ளூர்க் கணக்கு. பிம்பிசாரன் கதையின் நெருக்கடி இம்மாதத்தில் பன்மடங்காகப் பெருகுகிறது. நீரின் வரத்தோ அதற்கேற்பப் பெருகுவதில்லை.

வெப்பமானி வந்த பின்

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நில அளவாய்வு செய்த ஃபிரான்சிஸ் புக்கானன் 1811–12இல் பாட்னா, கயா மாவட்டங்களில் பயணம் செய்தார். கொங்கு நாட்டிலும் மைசூரிலும் மலபாரிலும் அவர் செய்த பயணத்தின் குறிப்புகள் தமிழக வரலாற்று மாணவர்க்கு நன்கு அறிமுகமானவை. அதே மனிதர் இராஜகிருகத்தின் ஊற்றுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, வெப்பமானி கொண்டு அளந்து நாட்குறிப்பில் எழுதினார். அந்நாட்குறிப்பு வி.எச். ஜாக்சன் பதிப்பில் 1925இல் வெளிவந்தது. அனைத்திந்திய அளவில், தாமஸ் ஓல்டாம் தொகுத்துவைத்த வெந்நீர் ஊற்றுகளின் பட்டியலை அவர் மகன் ஆர்.டி. ஓல்டாம் செப்பனிட்டு 1882இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் வெளியீடாகக் கொணர்ந்தார். அதில் சுமார் 300 ஊற்றுகள் இடம்பெற்றன. மணிகரணிலும் லடாக்கின் பூகாவிலும் நீர் கொதிநிலையை நெருங்குகிறது. அவற்றோடு ஒப்பிட இராஜகிருகத்தின் ஊற்றுகள் மிதமானவை. பிரம்ம குண்டத்தில் ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் எனலாம்.

அளவீட்டுக்குப் பின் கேள்வியின் வடிவம் மாறியது. நரகங்கள் விலகின, ஆனால் எரிமலை ஏதும் அவ்விடத்துக்கு வரவில்லை. இக்குன்றுகள் மிகத் தொன்மையான குவார்ட்சைட் பாறைகளால் ஆனவை. அருகில் எரிமலை கிடையாது. மலைமேல் பெய்யும் மழைநீரில் ஒரு பகுதி பாறை வெடிப்புகள் வழியே கீழிறங்குகிறது. நிலத்தினுள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை உயர்வது பொதுவான இயல்பு. எனவே 45 பாகை வெப்பத்தில் வெளிவரும் நீர் குறைந்தது அரைக் கிலோமீட்டருக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். ஏறி வரும் வழியில் ஆறுவதையும் சேர்த்தால் இன்னும் ஆழம். சூடேறிய நீர் பாறைப் பிளவுகளின் வழியே அழுத்தத்தால் மேலெழுந்து அடிவாரத்தில் வெளிப்படுகிறது. இந்த நீரில் கரைந்த உப்புகள் குறைவாக இருப்பதும், இதன் மூலம் மழைநீரே என்பதற்கு இசைவாகவே உள்ளது.

சுருங்கச் சொன்னால், நீரின் மூலம் இமயத்தில் இல்லை. வைபாரத்தின் மேலும் விபுலத்தின் மேலும் பெய்யும் மழையில் இருக்கிறது. பொருளை விட்டுவிட்டு இடத்தை மட்டும் நோக்கினால், தொலைவில் தேடாதே என்ற சமண விடையே உண்மைக்கு அருகில் நின்றிருக்கிறது.

மூலம் அறிவதன் பொறுப்பு

இங்குதான் வரலாறு நிகழ்காலத்தைத் தொடுகிறது. அனவதப்த ஏரியே மூலமாயின் இராஜகிருகத்து மக்களால் அதற்கு ஆவதொன்றுமில்லை. தொலைவிலுள்ள தெய்வீக ஏரி என்றும் வற்றாது. அதைக் காக்கவும் வேண்டாம், கெடுக்கவும் முடியாது. மூலம் தலைக்கு மேலுள்ள மலையே என்றால் நிலைமை வேறு. அந்த மலையின் காடு மழையைத் தாங்கி நிறுத்தி மண்ணுக்குள் அனுப்பும் வாயில். அதன் அடிவாரத்தில் இடப்படும் ஒவ்வோர் ஆழ்துளைக் கிணறும் அதே நிலத்தடி நீரைப் பங்கு கேட்கிறது.

அண்மை ஆண்டுகளில் கோடைக்காலங்களில் சில குண்டங்களில் நீர்வரத்துக் குறைந்ததாகவும் சில வறண்டதாகவும் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. சுற்றுவட்டாரத்தில் பெருகிய ஆழ்துளைக் கிணறுகளும் கட்டுமானங்களும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மலைக்காட்டில் ஏறத்தாழ 36 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமாகக் காக்கப்படுவது நற்செய்தி. ஆனால் சரணாலயத்தின் எல்லை மரத்துக்கும் விலங்குக்கும் வகுக்கப்பட்டது. நிலத்தடியில் நீர் செல்லும் வழியை அது அறியாது.

இதே ஊரில் 2022 நவம்பர் 27 அன்று ஒரு பெருந்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மொகாமா அருகேயுள்ள ஹாதிதாவில் கங்கையின் வெள்ளக்கால நீரை எடுத்து, குழாய்கள் வழியாக இராஜகிருகத்துக்கும் கயைக்கும் புத்தகயைக்கும் கொண்டுவந்து, நீர்த்தேக்கங்களில் சேமித்து, வீடுகளுக்கு வழங்கும் திட்டம் அது. நிலத்தடி நீரின் மீதுள்ள சுமையைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கம் நிறைவேறினால் ஊற்றுகளுக்கும் அது நன்மையே. இத்திட்டத்தைப் பற்றிப் படித்தபோது யுவான் சுவாங்கின் பக்கத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கங்கை பிறக்கும் ஏரியிலிருந்து நிலத்தடி வழியாக நீர் இராஜகிருகத்துக்கு வருகிறது என்று அவர் கேட்டெழுதியது அன்று நம்பிக்கை. இன்று கங்கை நீர் குழாயில் உண்மையாகவே அவ்வூருக்கு வருகிறது.

பழைய மரபு இவ்வாறு நிறைவேறுவதில் ஓர் இடர் இருக்கிறது. நீர் மறுபடியும் தொலைவிலிருந்து வருவதாகிவிட்டது. குழாயைத் திறந்தால் கங்கை வரும் என்ற நிலையில், தலைக்கு மேலுள்ள மலையைப் பற்றி யார் கவலைப்படுவர்? குடிப்பதற்குக் கங்கை போதும். ஆனால் சப்ததாரையில் விழும் வெந்நீரை எந்தக் குழாயாலும் கொண்டுவந்து நிரப்ப இயலாது. அது மலையில் விழுந்து, ஆழத்தில் இறங்கி, மெல்லத் திரும்பி வரும் மழை. இன்று தலையில் விழும் நீர் நேற்றைய மழை அன்று. ஆதலால் இன்று நாம் செய்யும் தவறும் நாளையே புலப்படாது. புலப்படும்போது திருத்தக் காலம் போதாமல் போகலாம்.

என் தயக்கங்களையும் பதிவுசெய்ய வேண்டும். பாலி, பிராகிருத நூல்களின் காலத்தை நூற்றாண்டுத் துல்லியத்தில் கூறுவது கடினம். ஆகவே மேலே தந்த விடைகளின் வரிசையைக் கால வரிசையாகக் கொள்ள வேண்டாம். பண்டைய ஊற்று ஒவ்வொன்றையும் இன்றைய குண்டம் ஒன்றோடு பொருத்திவிட முடியும் என்றும் நான் கருதவில்லை. யுவான் சுவாங் விபுலத்தைச் சொல்ல, பகவதி சூத்திரம் வைபாரத்தைச் சொல்கிறது. இன்று இரு மலையடிகளிலும் ஊற்றுகள் உள்ளன. நீர் குறைவதற்கான காரணங்களின் பங்கை நிலத்தடி நீரியலார்தான் அளந்து கூற வேண்டும். வரலாற்று மாணவனாக நான் கூறக்கூடியது, இவ்வூற்றைப் பற்றி எழுதியோர் எவரும் அதை வெறும் காட்சிப்பொருளாகப் பார்க்கவில்லை என்பதே. காரணம் தேடினர், வாதிட்டனர், பங்கிட விதி வகுத்தனர், குறைவதைக் குறித்துவைத்தனர்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் வெந்நீர் ஊற்றுள்ள ஊர் ஒவ்வொன்றிலும் தலபுராணமோ பயணக் குறிப்போ மாவட்ட விவரச்சுவடியோ இருக்கும். அவற்றில் ஊற்றுகளின் எண்ணிக்கை, வெப்பம், பயன்பாடு பற்றி வரும் வரிகளைக் காலவாரியாகத் தொகுத்தால், நீரியலார்க்குப் பயன்படும் நீண்டகாலத் தரவு கிடைக்கும். புக்கானனின் வெப்பமானி அளவுகளும் அத்தகைய தரவுகளே. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர் இதைக் கருதிப் பார்க்கலாம்.

அன்று காலை என் முறை வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. தாரையின் கீழ் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க மனம் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. கரையேறித் துவட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பனி விலகி, வைபாரத்தின் சரிவும் அதன் மரங்களும் தெளிவாகத் தெரிந்தன. முதியவரின் பேச்சை அன்றே குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டும். இப்போது இங்கே எழுதிவைக்கிறேன்.

பிழைகள் கண்டால் சுட்டிக்காட்டுங்கள். பகவதி சூத்திரப் பகுதியின் உரை மரபு பற்றி அறிந்தோர் பின்னூட்டத்தில் எழுதினால் நன்றியுடன் ஏற்பேன்.